எது முந்தி, எது பிந்தி?

1996 மே 25 அன்று இலங்கை தன் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் ஓய்ந்திருந்த காலம். மாலை வெளிச்சத்தை நீட்டினால் மின்சாரம் மிச்சமாகும் என்பது கணக்கு. அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று எடுத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணி நேரம் திரும்பி வர 2006 ஏப்ரல் 15 ஆயிற்று. சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், நள்ளிரவு தாண்டி 12.30 ஆனதும் முள் மறுபடி 12.00க்குப் போனது. அன்றிரவு கொழும்பில் 12.15 என்ற நேரம் இரண்டு தடவை வந்தது.

வன்னியில் கதை வேறு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்கள் எதையும் ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தன. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு, வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் புறப்பட்டவர்கள் அந்தப் பகுதிக்குள் நுழையும் ஓமந்தையைத் தாண்டும்போது அரை மணி நேரம் பின்னே போனார்கள். அதைவிட்டு வெளியேறும் முகமாலையைத் தாண்டும்போது அரை மணி நேரம் முன்னே வந்தார்கள். அப்படிப் போன ஒருவர் பயணக் குறிப்பு எழுதியதாக வைத்துக்கொள்வோம். ஓமந்தையில் "10.10, பைகளை இறக்கிச் சோதனை." இருபது நிமிடம் கழித்து, மறுபக்கத்துச் சாவடியில், கைக்கடிகாரத்தைத் திருத்திவிட்டு, "10.00, மறுபடியும் சோதனை." கொப்பியில் எழுதியிருந்தால் ஒரு குழப்பமும் இல்லை, ஒரு வரியின் கீழே அடுத்த வரி இருக்கிறது. இரண்டையும் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதி, நேரத்தை மட்டும் பார்த்து அடுக்கச் சொன்னால் பயணம் தலைகீழாகிவிடும்.

போனிலும் கணினியிலும் குறிப்பு வைத்திருப்பவர்கள் எல்லோரும் துண்டுக் காகிதத்தில்தான் எழுதுகிறோம். "போனில மாத்தினேனே, ஏன் இதில பழசு காட்டுது?" என்று கேட்காத வீடு குறைவு. சிங்க் செய்வது என்றால் இங்கிருந்து அங்கே எழுத்துகளை அனுப்புவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அனுப்புவது எளிய பாதி, அதிலும் பெரும் பகுதி எப்போதோ தீர்ந்துவிட்டது. 1996 இல் ஆஸ்திரேலியாவில் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதிய ஆர்சிங்க் என்ற நிரல், பெரிய கோப்பில் மாறிய துண்டுகளை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும் வழியைக் காட்டிவிட்டது. இன்னும் சிரமம் தருவது மற்றப் பாதி: இரண்டு பிரதிகள் வேறுபட்டால் எது புதியது?

ஒரு ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். வீடு வெள்ளவத்தையில், உயர்தர இரசாயனவியல் ரியூஷன் வகுப்பு கொட்டாஞ்சேனையில். வகுப்புத் திட்டம் ஒரே ஒரு குறிப்பில் இருக்கிறது, அது போனிலும் உண்டு, மடிக்கணினியிலும் உண்டு: "வியாழன் 4.00. மூல் கணக்கு. 2019 வினாத்தாள்." காலம் 2022 மார்ச் கடைசி. அந்த மாதம் 31 ஆம் திகதி மின்வெட்டு 13 மணி நேரத்தைத் தொட்டது. அவர் காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, மாணவர்கள் பிந்துவார்கள் என்று தகவல் வருகிறது. போனில் 4.00 ஐ 4.30 ஆக்குகிறார். இரவு வீடு திரும்பினால் கரண்ட் இல்லை, ரவுட்டர் செத்துக் கிடக்கிறது, நீண்ட வெட்டில் கோபுரத்து பேட்டரியும் இறங்கிப் போனில் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. மடிக்கணினியில் மட்டும் சார்ஜ் மீதி உண்டு. அதைத் திறந்து, 2019 ஐ 2021 ஆக மாற்றுகிறார். 4.00 இன்னும் அப்படியே இருப்பதை அவர் கவனிக்கவில்லை. அவருடைய கவனம் வினாத்தாளில்.

கரண்ட் வந்ததும் இரண்டு பிரதிகளும் சந்திக்கின்றன. மலிவான தீர்வு ஒன்று உண்டு, பல செயலிகள் அதைத்தான் செய்கின்றன: கடைசியாக எழுதியவர் வென்றார். இரண்டு குறிப்புகளின் நேர முத்திரையையும் பார், பிந்தியதை வைத்துக்கொள், முந்தியதை எறி. கணினியில் எழுதியது பிந்தியது, எனவே 2021 நிற்கும், 4.30 காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. வியாழக்கிழமை 4 மணிக்கு ஆசிரியை வெறும் வகுப்பறையில் நிற்பார். ஒரு நிரல் செய்யக்கூடிய தவறுகளில் இதைத்தான் நான் ஆக மோசமானது என்பேன். கத்திக்கொண்டு விழும் நிரலைத் திருத்தலாம். சத்தமில்லாமல் ஒரு வரியை விழுங்கும் நிரலை யாரும் பிடிப்பதில்லை.

இந்த விதி தன் சொந்த அளவுகோலிலாவது சரியாக நடக்குமா? நேர முத்திரையை நம்ப முடிந்தால் நடக்கும்.

கணினிகள் உள்ளூர் நேரத்தை வைத்துக்கொள்வதில்லை என்பது ஓரளவு ஆறுதல். பெரும்பாலும் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி ஆயிற்று என்று உலகப் பொது நேரத்தில் எண்ணிக்கொண்டு, காட்டும்போது மட்டும் ஊர் நேரமாக்குகின்றன. ஆக்குவதற்கு ஒரு அட்டவணை வேண்டும். அந்த அட்டவணை இன்றைய போன்கள் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது. அதில் ஆசியா/கொழும்பு என்ற பதிவு வாசிக்கச் சுவையானது. தொடக்கம் 5 மணி 19 நிமிடம் 24 விநாடி. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். கொழும்பு கிழக்கு நெடுங்கோடு 79.85 பாகை, பெருக்கினால் 319.4 நிமிடம், அதுவே இந்த 5.19.24. சூரியனே தந்த நேரம். 1880 இலிருந்து மொரட்டுவை நேரம், 1906 இல் ஐந்தரை மணி. 1942 இல் உலகப் போருக்காக ஒரு தரம் அரை மணி, அதே ஆண்டில் இன்னொரு அரை மணி. 1945 ஒக்டோபரில் பழையபடி. பிறகு 1996, 2006. பாராளுமன்ற விவாதங்களைத் தேடிப் படிக்காமலே ஒரு நாட்டின் வறட்சியையும் போரையும் இந்தச் சில வரிகளில் பார்த்துவிடலாம்.

ஆனால் மனிதர் கை பட்டால் அட்டவணையும் உதவாது. 2006 இல் விண்டோஸ் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயருக்கு நேரே ஆறு மணி என்றே இருந்தது. நேர வலயத்தை இந்தியாவுக்கு மாற்றியவர்களின் கணினி சரியாக ஓடியது. வலயத்தைத் தொடாமல் மூலையில் தெரிந்த மணிக்கூட்டை மட்டும் அரை மணி பின்னே இழுத்தவர்களின் கணினியில், பார்க்கும் நேரம் சரி, உள்ளே எண்ணும் உலக நேரம் 30 நிமிடம் பிழை. அந்தக் கணினியில் எழுதிய கோப்பு வேறொரு கணினியில் இருபது நிமிடம் முன்னர் எழுதியதைவிடப் பழையது என்று தோற்றுப்போகும்.

கணினிக்குள் நேரத்தை ஓட்டுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 32,768 தடவை அதிரும், அது 2 இன் 15 ஆம் அடுக்கு. பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒரு விநாடி. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலும் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 50 விநாடி. இணையத்தில் இருக்கும்வரை நேரச் சேவையகம் இதைத் திருத்திக்கொண்டே இருக்கும். பழைய மேசைக் கணினியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு பேட்டரி உண்டே, அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கணினி பல ஆண்டுகள் பின்னே போய் எழும்பும். நாளுக்கு நாலு தடவை கரண்ட் போன மாதங்களில் இது சின்ன விஷயமில்லை. மெமரி கார்டுகளில் புழங்கும் பழைய ஃபாட் முறை இன்னும் விசித்திரம். கோப்பு மாறிய நேரத்தை உள்ளூர் நேரமாகவே, இரண்டு விநாடிக்கு ஒரு தடவையாகத்தான் குறிக்கும். அதில் ஒற்றைப்படை விநாடியே கிடையாது.

1978 இல் லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கக் கணிதர் கேள்வியையே மாற்றிப் போட்டார். நிகழ்ச்சிகளின் முன்பின்னை அறியக் கடிகாரம் தேவையில்லை, ஒன்றைப் பற்றிய தகவல் மற்றதை எட்டியிருந்ததா என்று பார்த்தால் போதும் என்றார். எட்டியிருந்தால் அது முந்தியது. இரண்டில் எதுவும் மற்றதை அறியாமல் நடந்திருந்தால் முந்தி பிந்தி என்ற பேச்சுக்கே இடமில்லை, அவை உடனிகழ்வுகள். ஐன்ஸ்டைனின் சார்பியலிலிருந்து இந்த யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2013 ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

நம் ஆசிரியையின் குறிப்புக்கு இதைப் பொருத்துவோம். கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் லோகஸ் என்ற முறைமையைக் கட்டியவர்கள் 1983 இல் வெளியிட்ட உத்தி இது. ஒவ்வொரு பிரதியும் தன்னோடு ஒரு சிறு எண் வரிசையை வைத்திருக்கும், கருவிக்கு ஒரு எண். போன் இதுவரை 3 திருத்தம், கணினி 5 திருத்தம் என்றால் இரண்டு பிரதியிலும் (3, 5). பஸ்ஸில் போனில் திருத்தியதும் போன் பிரதி (4, 5). இருட்டில் கணினியில் திருத்தியதும் கணினிப் பிரதி (3, 6). இப்போது ஒப்பிடுங்கள். முதல் எண்ணில் போன் பெரியது, இரண்டாம் எண்ணில் கணினி பெரியது. எதுவும் எதையும் முழுதாக மிஞ்சவில்லை, ஆகவே ஒன்றை ஒன்று பார்க்காமல் எழுதப்பட்டவை. முரண்பாடு என்று அறிவித்துவிட வேண்டியதுதான். அன்றிரவு கரண்ட் இருந்து, கணினி முதலில் போனின் 4.30 ஐ வாங்கியிருந்தால் அதன் வரிசை (4, 5) ஆகி, திருத்தியபின் (4, 6) ஆகியிருக்கும். அது (4, 5) ஐ எல்லா இடத்திலும் எட்டிப் பிடித்து ஒரு இடத்தில் மிஞ்சுகிறது. சந்தேகமே இல்லாமல் புதியது. கணினிக் கடிகாரம் அப்போது 1999 என்று காட்டினாலும் விடை மாறாது.

வலைத்தொடர்பு அறுந்த நிலையிலும் வேலை நடக்கட்டும், பிறகு சேர்த்துக்கொள்வோம் என்ற கொள்கைக்கு ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. ஐஐடி மெட்ராஸில் 1975 இல் இளநிலையும் 1977 இல் முதுநிலையும் முடித்த மகாதேவ் சத்யநாராயணன், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கோடா என்ற கோப்பு முறையை வழிநடத்தினார். அவரும் மாணவர் ஜேம்ஸ் கிஸ்லரும் 1991 இல் வெளியிட்ட ஆய்வு, தொடர்பு இருக்கும்போதே தேவைப்படப்போகும் கோப்புகளைப் பதுக்கி வைத்துக்கொள்வது, அறுந்ததும் உள்ளூரில் வேலை செய்து ஒரு பதிவேட்டில் குறிப்பது, திரும்பியதும் பதிவேட்டை ஒப்புவிப்பது என்று மூன்று நிலைகளை வகுத்தது. தொடர்பு இல்லாதபோதும் திறக்கும் எந்தக் குறிப்புச் செயலியும் இந்த மூன்றையும் ஏதோ ஒரு வடிவில் செய்கிறது.

முரண்பாடு பெருகாதா என்று அவர்களுக்கும் அச்சம் இருந்தது. தங்கள் பல்கலைக்கழகத்தின் பழைய கோப்பு முறையை அலசிப் பார்த்ததில், 99 சதவீதத்துக்கு மேற்பட்ட திருத்தங்களைச் செய்தவர் அதற்கு முன்னர் அதே கோப்பைத் திருத்தியவராகவே இருந்தார். ஒருவர் கோப்பில் மற்றவர் கை வைப்பது அவ்வளவு அரிது, கவலை வேண்டாம் என்று முடிவுகட்டினார்கள். அப்போது ஒருவருக்கு ஒரு கணினி. இன்று அந்த எண்ணே நமக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது என்பது என் எண்ணம். அதே ஒருவரிடம் போன், மடிக்கணினி, பிள்ளையின் டெப்லெட் என்று மூன்று. தன் கோப்பில் தானே மோதிக்கொள்பவரை அந்தக் கணக்கு எண்ணவில்லை.

முரண்பாடு என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? டிராப்பாக்ஸ் போன்றவை இரண்டையும் வைத்துவிட்டு, ஒன்றின் பெயரில் முரண்பட்ட பிரதி என்று எழுதி வைக்கும். அழகில்லை, ஆனால் நேர்மை. இன்னும் ஒரு படி போகலாம்: இரண்டுக்கும் பொதுவான பழைய பிரதியை, அதாவது (3, 5) ஐ, எடுத்து ஒப்பிட்டால் போன் மாற்றியது நேரத்தை, கணினி மாற்றியது வினாத்தாளை என்று தெரிந்துவிடும். வெவ்வேறு இடம் என்பதால் இரண்டையும் ஏற்கலாம். "வியாழன் 4.30. மூல் கணக்கு. 2021 வினாத்தாள்." யாரையும் கேட்காமலே சரியான விடை.

எழுத்தெழுத்தாக இதைச் செய்யப் போனால் தமிழில் ஒரு பள்ளம் உண்டு. கணினிக்குத் தமிழ் உயிர்மெய் ஒரே எழுத்தல்ல. "கா" என்பது க, அதன்பின் ஒரு கால் என்று இரண்டு குறியீடு. "க" என்று இருந்ததை ஒரு கருவி "கா" ஆக்க, மற்றது "கி" ஆக்கினால், ஒன்றிணைக்கும் நிரலின் கண்ணில் இரண்டும் க-வுக்குப் பின்னே ஒரு குறி செருகியதுதான். இரண்டையும் நல்ல மனதோடு ஏற்று, க-வுக்குப் பின் காலும் விசிறியும் சேர்த்து வைக்கும். திரையில் புள்ளியிட்ட வட்டத்தோடு ஒரு பேய் எழுத்து நிற்கும். ஆங்கிலத்தில் இதற்கு ஈடான விபத்து வெறும் எழுத்துப்பிழையாகத் தெரியும். தமிழில் எழுத்தே உடைகிறது. அசையை ஒரே அலகாகப் பார்க்கும் நிரல் வேண்டும் என்று தமிழ் எழுதுபவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

இந்த எழுத்துப் பிரச்சினை கோப்பின் பெயரில் இன்னும் வேடிக்கையாகும். வெள்ளவத்தை என்று ஒரு கோப்பு, கொட்டாஞ்சேனை என்று ஒரு கோப்பு. முதலாவது எங்கும் ஒரே மாதிரிப் போய்வரும். இரண்டாவது சில சமயம் இரட்டைப் பிள்ளையாகும். "கொ" என்பதன் ஒகரக் குறியை யூனிகோட் இரண்டு விதமாக எழுத இடம் தருகிறது: முழுக்குறியாக ஒரு குறியீடு, அல்லது முன்னே ஒற்றைக்கொம்பு, பின்னே கால் என்று இரண்டு குறியீடு. கண்ணுக்கு ஒன்றுதான். பைட்டுகளில் வேறு. கொழும்பு என்ற சொல் முதல் விதத்தில் 24 பைட், இரண்டாம் விதத்தில் 27 பைட். ஆப்பிள் 1998 இல் கொண்டுவந்த கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அண்ட்ராய்டும் விண்டோஸும் தந்ததைத் தந்தபடி வைக்கும். மேக் கணினியிலிருந்து பிரிந்த பெயரோடு வந்த "கொட்டாஞ்சேனை"யும், போனில் தட்டிய "கொட்டாஞ்சேனை"யும் ஒரே கோப்புறையில் அருகருகே, ஒரே பெயரில் இரண்டு கோப்பாக நிற்கும். ஒரே பெயரில் இரண்டு இருக்க முடியாதே என்று பயனர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஒகர, ஓகார, ஔகார எழுத்து வரும் பெயர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. ஐகாரத்துக்கு இல்லை, அதற்குப் பிரிவு கிடையாது. கவனமாக எழுதிய சிங்க் நிரல்கள் பெயரை ஒப்பிடுமுன் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன.

பாமினியில் தட்டிய பழைய குறிப்புகள் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. இலங்கையில் ஒரு தலைமுறை அதில்தான் தமிழ் தட்டியது. பாமினிக் கோப்புக்குள் தமிழ் என்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் மட்டுமே. தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. போனுக்கு ஒரு பைட் பிசகாமல் போய்ச் சேரும், ஆனால் அங்கே பாமினி எழுத்துரு இல்லை. முதலில் யூனிகோடாக மாற்றிவிட்டு சிங்க் செய்வதைத் தவிர வழியில்லை.

இத்தனை சிக்கலுக்கும் நடுவே சிக்கலே இல்லாமல் குறிப்பு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தனக்குத் தானே வாட்ஸ்அப் அனுப்புபவர்கள். அந்த வசதி 2022 இறுதியில் முறையாக வருவதற்கு முன்பே, குழு ஒன்று தொடங்கி மற்றவரை நீக்கிவிட்டுத் தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். கணினிக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் கணிதம் வாட்ஸ்அப்காரர் பக்கம். அங்கே யாரும் பழையதைத் திருத்துவதில்லை, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதுதான் வழக்கம். போன் சேர்த்தவை ஒரு கணம், கணினி சேர்த்தவை ஒரு கணம், சிங்க் என்பது இரண்டின் ஒன்றிப்பு. எதை முதலில் சேர்த்தாலும், ஒரே செய்தி இரண்டு தடவை வந்தாலும் விடை ஒன்றே.

2011 இல் மார்க் ஷபீரோவும் மூன்று சகாக்களும் இந்தப் பண்பை வைத்தே ஒரு முழுக் கோட்பாடு கட்டினார்கள். சிஆர்டிடி என்று சுருக்கி அழைக்கிறார்கள். திருத்தக்கூடிய உரையையும் சேர்ப்பு மட்டுமே உள்ள பட்டியலாக மாற்றிவிடலாம் என்பது அதன் வித்தை. ஒவ்வொரு எழுத்துக்கும் நிரந்தரமான அடையாள எண் ஒன்று கொடு. "ஏழாவது இடத்தில் செருகு" என்று சொல்லாதே, "போன் 4 என்ற எழுத்துக்குப் பின் செருகு" என்று சொல். இடம் மாறினாலும் அடையாளம் மாறாது.

அழிப்பதுதான் இதில் சங்கடமான காரியம். கொட்டாஞ்சேனை வகுப்பு நின்றுபோய், ஆசிரியை அந்தக் குறிப்பைப் போனில் அழிக்கிறார் என்று வையுங்கள். கணினியில் அது இருக்கிறது. சிங்க் நடக்கும்போது போனில் இல்லாதது, கணினியில் இருப்பது என்று ஒன்று தெரியும். கணினி புதிதாக எழுதியதா, போன் அழித்ததா? இல்லாமை எந்தத் தடயமும் விடுவதில்லை. அதனால் அழித்ததையும் ஒரு சேர்ப்பாகப் பதிய வேண்டியிருக்கிறது: இன்ன குறிப்பு அழிந்தது என்று ஒரு சிறு கல். அதைக் கல்லறைக்கல் என்றே நிரலாளர்கள் அழைக்கிறார்கள். அழித்துத் துப்புரவாக வைத்திருப்பதாக நாம் நினைக்கும் செயலிக்குள் கல்லறைக்கற்கள் குவிந்துகொண்டே போகும். கல் இருக்கும்வரை அழிப்பும் எல்லாக் கருவிக்கும் ஒழுங்காகப் பரவும். சிங்க்கைக் காப்புப் பிரதி என்று நம்பி இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், கைதவறி அழித்ததும் அதே ஒழுங்கோடுதான் எல்லா இடமும் போகும். பிரதி வேறு இடத்தில், சிங்க்கில் சேராமல், தனியாக இருக்க வேண்டும்.

கற்களை எத்தனை காலம் வைத்திருப்பது என்பது செயலிக்குச் செயலி வேறுபடும். சில ஒரு குறிப்பிட்ட தவணைக்குப் பிறகு பெருக்கித் தள்ளிவிடும். அப்போதுதான் அலுமாரியில் கிடந்த பழைய போன் ஒன்றை யாராவது சார்ஜ் போட்டு எழுப்புவார்கள். அதில் அழிந்த குறிப்புகள் எல்லாம் உயிரோடு இருக்கும், அவை அழிந்ததைச் சொல்லும் கல் உலகில் எங்கும் இருக்காது. போன் அவற்றைப் புதுச் சரக்கு என்று எல்லாக் கருவிக்கும் அனுப்பும், மறுநாள் காலையில் நின்றுபோன வகுப்பின் நேர அட்டவணை மடிக்கணினியில் வந்து நிற்கும். இதைத் தடுக்க நல்ல செயலிகள் ஒரு விதி வைத்திருக்கின்றன: கல் வைக்கும் தவணையைவிட நீண்ட காலம் தொடர்பில் இல்லாத கருவியின் பேச்சைக் கேட்காதே, அதை வெறுமையாக்கி முழுப் பிரதியையும் புதிதாக இறக்கச் சொல். உங்கள் செயலிக்கு அந்த விதி இருக்கிறதா என்று தெரியாவிட்டால், பழைய போனை எழுப்புமுன் அதன் வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, முதலில் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.